சொட்டுற இடம் வேற, ஒழுகுற இடம் வேற: பழைய காரில் ஆயில் லீக்கைக் கண்டுபிடிப்பது எப்படி?

எங்க வீட்டு வாசல்ல, அம்மா கோலம் போடுற இடத்துக்கு ரெண்டடி தள்ளி, ஒரு கறுப்பு வட்டம் இருக்கு. அதுக்கு மேலதான் எங்க மாருதி 800 நிக்கும். 1998 மாடல். அப்பா செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. சின்ன வெங்காய மூட்டை ஏத்துறதுல இருந்து, அப்பாயியை கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது வரைக்கும் எல்லாத்துக்கும் அதுதான்.

போன பொங்கல் லீவுக்கு வந்தப்போ அந்த வட்டம் தட்டு சைஸ்ல இருந்து தாம்பாளம் சைஸுக்கு வளர்ந்திருந்தது. நாமதான் மெக்கானிக்கல் ஃபைனல் இயர் ஆச்சே! கீழ குனிஞ்சு பார்த்தேன். சம்ப்போட அடியில ஆயில் தொங்குது. "சம்ப் பேக்கிங் போச்சுப்பா"ன்னு தீர்ப்பு சொல்லிட்டேன். மாத்தினோம். ஆயில், பேக்கிங், கூலி எல்லாம் சேர்த்து ரெண்டாயிரம் ரூபாய்க்கு மேல ஆச்சு. நாலாவது நாள் வட்டம் திரும்ப வந்துடுச்சு.

அடுத்து ஒரு மெக்கானிக் அண்ணன் பார்த்தார். "கிராங்க் பேக் சீல் போயிருக்கும்ணே, கியர்பாக்ஸ் இறக்கணும், எட்டாயிரம் ஆகும்"னு அப்பாகிட்ட சொன்னார். அன்னிக்கு ராத்திரி அப்பா சாப்பிட்டுக்கிட்டே, "பேசாம காயலான் கடையில போட்டுடலாம்"னார். ஆர்.சி. புதுப்பிக்கிற வருஷம் வேற.

கடைசியில கோளாறு நூறு ரூபாய்கூட பெறாத ஒரு ரப்பர் வளையத்துல இருந்தது. அதை எப்படிக் கண்டுபிடிச்சோம்ங்கிறதுதான் இந்தக் கட்டுரை. நம்ம பெரம்பலூர், அரியலூர் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரு பழைய வண்டி இருக்கு. மாருதி 800 டெல்லியில முதல் ஆளுக்குக் கைமாறினது 1983 டிசம்பர் 14. 2010 ஏப்ரல்ல பாரத் ஸ்டேஜ் 4 விதி வந்ததும் சென்னை உட்பட 13 நகரங்கள்ல விற்பனை நின்னுபோச்சு. நம்ம மாதிரி ஊர்களுக்கு 2014 ஜனவரியில உற்பத்தி நிக்கிற வரைக்கும் வந்துக்கிட்டு இருந்தது. அப்படின்னா கடைசியா வந்த வண்டிக்கே பத்து வயசு தாண்டிடுச்சு. அதுல இருக்கிற ரப்பருக்கும் அதே வயசு. ஆயில் லீக் அநேகமா கம்பெனி குறை இல்ல, வயசுக் கோளாறு.

முதல்ல, அது இன்ஜின் ஆயில்தானா?

ராத்திரி வண்டியை நிறுத்தும்போது அடியில ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பிரிச்சு விரிச்சுப் போடுங்க. நாலு டயரும் எங்க நிக்குதுன்னு தரையில சாக்பீஸால கோடு போட்டுக்கோங்க. அட்டையில முன்பக்கம் எது, டிரைவர் பக்கம் எதுன்னு எழுதிடுங்க. காலையில அந்த அட்டைதான் உங்க மேப்.

சொட்டைத் தொட்டுப் பாருங்க, மோந்து பாருங்க. நாக்குல மட்டும் வைக்காதீங்க. பழுப்பு அல்லது கறுப்பு, வழவழன்னு இருந்தா இன்ஜின் ஆயில். கெட்டியா, மூக்கைச் சுளிக்க வைக்கிற கந்தக வாடை அடிச்சா கியர் ஆயில். பச்சை, சிவப்பு, நீலம்னு கலரா, தண்ணி மாதிரி, லேசா இனிப்பு வாடையோட இருந்தா கூலன்ட். அது விஷம், நாய் நக்காம துடைச்சிடுங்க. சக்கரத்துப் பக்கத்துல எண்ணெய் மாதிரி மெல்லிசா ஏதாவது தெரிஞ்சா பிரேக் ஆயிலா இருக்கலாம். அப்படின்னா இந்தக் கட்டுரையை மூடி வச்சுட்டு, வண்டியை எடுக்காம மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. ஏ.சி. போட்டு ஓட்டின பிறகு சுத்தமான தண்ணி சொட்டினா கவலையே வேண்டாம்.

எவ்வளவு போகுது?

தரையில பரவின ஆயில் எப்பவும் அளவைப் பெருசாக் காட்டும். கணக்குப் போட்டுப் பாருங்க. தோராயமா 25 சொட்டு சேர்ந்தா 1 மில்லி. நிமிஷத்துக்கு 5 சொட்டு விழுதுன்னா, மணிக்கு 300 சொட்டு, அதாவது 12 மில்லி. பத்து மணி நேரம் ஓட்டினா 120 மில்லி. பல கார்கள்ல டிப்ஸ்டிக்கோட மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவுல இருக்கிறது ஒரு லிட்டருக்கு உள்ளதான். மாசக்கணக்குல டிப்ஸ்டிக்கைத் தொடாம இருந்தா இந்தச் சின்னச் சொட்டே இன்ஜினை முடிச்சிடும்.

அதனால வாரம் ஒரு தடவை, வண்டி சமதரையில நிக்கும்போது, இன்ஜின் ஆறின பிறகு டிப்ஸ்டிக்கை உருவித் துடைச்சு, திரும்ப விட்டு எடுத்துப் பார்த்து ஒரு நோட்டுல எழுதி வைங்க. இன்னொண்ணு: டேஷ்போர்டுல எரியிற சிவப்பு ஆயில் லைட் "ஆயில் கொஞ்சம் கம்மியா இருக்கு"ன்னு சொல்ற லைட் இல்ல. பழைய வண்டிகள்ல அது ஆயில் பிரஷர் விழுந்துடுச்சுன்னு சொல்றது. ஓடும்போது எரிஞ்சா, "வீடு பக்கத்துலதானே"ன்னு ஓட்டாதீங்க. ஓரங்கட்டி உடனே இன்ஜினை ஆஃப் பண்ணுங்க.

நான் பண்ணின தப்பு

ஆயிலுக்கு ரெண்டே வேலைதான். புவியீர்ப்புல கீழ இறங்கும், ஓடும்போது காத்துல பின்னாடி போகும். எங்க ஒழுகினாலும் கடைசியில இன்ஜினோட அடியில, பின்பக்கம்தான் வந்து சொட்டும். அதைப் பார்த்துத்தான் நான் சம்ப்புன்னு சொன்னேன். சம்ப் குற்றவாளி இல்ல. எல்லா ஆயிலும் வந்து சேர்ற கடைசி ஸ்டாப், அவ்வளவுதான்.

அந்த மெக்கானிக் அண்ணனே பின்னாடி ஒருநாள் சொன்னார்: "ஓட்டு வீட்டுல மழைத்தண்ணி ஒரு இடத்துல உள்ள இறங்கி, கட்டையில ஓடி, வேற இடத்துலதான் சொட்டும் தம்பி. பாத்திரம் வைக்கிற இடத்துல ஓடு மாத்தினா ஒழுகுறது நிக்குமா?" நாலு வருஷம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படிச்சவனுக்கு இதைவிடத் தெளிவா யாரும் சொன்னதில்ல.

அதனால விதி ஒண்ணுதான்: ஈரமா இருக்கிறதுலயே உயரமான இடத்தைத் தேடுங்க. அது ரெண்டு இடத்துல சமமா இருந்தா, வண்டி ஓடுற திசையில முன்னாடி இருக்கிறதை எடுத்துக்கோங்க.

நம்ம ஊர்ப் புழுதி

இங்க நமக்கு ஒரு ஸ்பெஷல் பிரச்சனை. பெரம்பலூர்ல இருந்து அரியலூர் போற ரோட்டுல சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னாடி ஒரு தடவை போயிட்டு வந்து பானட்டைத் திறந்து பாருங்க. சுமார் பத்து கோடி வருஷத்துக்கு முன்னாடி கடலா இருந்த நிலம் இது. அந்தக் கடல் விட்டுட்டுப் போன சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் அரியலூர்ல இத்தனை சிமெண்ட் ஆலைகள். அந்தப் புழுதி ஆயில்ல ஒட்டி, அடை மாவு மாதிரி இன்ஜின் முழுக்க அப்பிடும். எது பழைய கசிவு, எது புதுசுன்னு தெரியாது.

ஆனா கழுவுறதுக்கு முன்னாடி அந்த அப்பலையே ஒரு தடவை நல்லாப் பாருங்க. போட்டோ எடுத்து வைங்க. காய்ஞ்சு, தடிச்சு, சுரண்டினா பொருக்குப் பொருக்கா வந்தா அது பழைய கசிவு, இப்போ நின்னுபோனதாக்கூட இருக்கலாம். புழுதியே ஒட்டாம, கறுப்பா, பளபளன்னு ஒரு கோடு கீழ இறங்கினா அங்க ஆயில் இப்பவும் ஓடிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

கழுவு, ஓட்டு, பாரு

இனிதான் முக்கியமான வேலை. அரை நாள் ஆகும். செலவு ரொம்பக் கம்மி.

1. இன்ஜின் முழுசா ஆறணும். டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர், காயில், ஏர் கிளீனர் வாய் எல்லாத்தையும் பாலிதீன் பையால மூடிக் கட்டுங்க. பேட்டரி நெகட்டிவ் கேபிளைக் கழட்டிடுங்க.

2. கடையில கிடைக்கிற டிகிரீசரோ, இல்லைன்னா கொஞ்சம் மண்ணெண்ணெயோ எடுத்து, பெயின்ட் பிரஷ், பழைய டூத் பிரஷ் ரெண்டாலயும் தேய்ச்சு எடுங்க. பெட்ரோல் வேண்டவே வேண்டாம். கீழ ஒரு டிரே வைங்க. அந்த அழுக்கு மண்ணுல இறங்கினா நம்ம கிணத்துக்குத்தான் வரும்.

3. துணியால துடைச்சு, நல்லாக் காய விடுங்க. மண்ணெண்ணெய் வாடை போற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க. பாலிதீன் பைகளைக் கழட்ட மறந்துடாதீங்க.

4. இப்போ முகத்துக்குப் போடுற டால்கம் பவுடரை எடுத்து, சந்தேகப்படுற இணைப்புகள் மேல மெல்லிசாத் தூவுங்க. பெல்ட் மேலயும் ஏர் கிளீனர் பக்கமும் மட்டும் வேண்டாம். வெள்ளைத் தூள்ல ஆயில் பட்டா கறுப்புக் கோடு பளிச்சுனு தெரியும்.

5. இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி ஐடில்ல பத்து நிமிஷம் விடுங்க. ஆஃப் பண்ணிப் பாருங்க. ஒண்ணும் தெரியலைன்னா தெருவைச் சுத்தி மெதுவா ஒரு ரவுண்டு. திரும்பப் பாருங்க. அப்புறம் அஞ்சு கிலோமீட்டர். எடுத்த எடுப்புலயே நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்தா, காத்து எல்லாத்தையும் பூசி விட்டிருக்கும். ஆதாரம் போச்சு.

கை போகாத சந்துக்குள்ள போனை விட்டு டார்ச்சோட வீடியோ எடுங்க. இன்ஜின் ஓடும்போது மட்டும் வேண்டாம், ஃபேனும் பெல்ட்டும் யாரையும் பார்த்து ஓடாது. வண்டிக்கு அடியில போகணும்னா வெறும் ஜாக்கியை நம்பிப் போகாதீங்க. ஸ்டாண்டு இருக்கணும், இல்லைன்னா குழி இருக்கிற ஒர்க்ஷாப்புக்குப் போங்க.

இப்படியும் சிக்கலைன்னா, ஆயில்ல கலக்குற யூ.வி. டை கிடைக்குது. அதை ஊத்தி ஓட்டிட்டு, இருட்டுல யூ.வி. டார்ச் அடிச்சா கசியிற இடம் மஞ்சள் பச்சையா ஒளிரும்.

மேல இருந்து கீழ: சந்தேகப் பட்டியல்

மேல இருந்து ஆரம்பிங்க. மேல இருக்கிறது எல்லாம் மலிவு, கீழ போகப் போகத்தான் செலவு.

*ஆயில் ஊத்துற மூடி:* உள்ள இருக்கிற ரப்பர் தட்டையாகி, வெடிச்சிருக்கான்னு பாருங்க.

*டேப்பெட் கவர் பேக்கிங்:* பழைய வண்டிகள்ல இது ரொம்ப சகஜம். ரப்பர்னா சூட்டுல இறுகிப்போகும், கார்க்குன்னா சுருங்கிப்போகும். இங்க இருந்து ஆயில் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல விழுந்தா, சிக்னல்ல நிக்கும்போது கருகுற வாடையும் புகையும் வரும். அதைத் தள்ளிப் போடாதீங்க, தீப்பிடிக்க வாய்ப்பு இருக்கு.

*டிஸ்ட்ரிபியூட்டர் ஓ-ரிங்:* பழைய கார்புரேட்டர் மாருதி 800ல டிஸ்ட்ரிபியூட்டரை கேம்ஷாஃப்ட்தான் சுத்த வைக்குது. அது சிலிண்டர் ஹெட்டோட ஓரத்துல, கியர்பாக்ஸ் பக்கமா இருக்கும். இந்த இடத்தை ஞாபகம் வச்சுக்கோங்க.

*ஆயில் பிரஷர் சுவிட்ச்:* ஒயர் கனெக்டரைக் கழட்டிப் பாருங்க. அதுக்குள்ள ஆயில் இருந்தா சுவிட்ச் போச்சு. இதுவும் ஆயில் ஃபில்டரும் பிரஷர்ல இருக்கிற இடங்கள். டேப்பெட் கவர் கசிஞ்சா சொட்டும், இங்க நல்லா விட்டுப்போச்சுன்னா பீச்சி அடிக்கும். சில நிமிஷத்துல சம்ப் காலியாகலாம்.

*ஆயில் ஃபில்டர்:* சர்வீஸ் முடிஞ்ச உடனே லீக் ஆரம்பிச்சதா? பழைய ஃபில்டரோட ரப்பர் வளையம் இன்ஜின்லயே ஒட்டிக்கிட்டு இருக்க, அதுக்கு மேலயே புது ஃபில்டரை மாட்டியிருக்கலாம். புது ரப்பர்ல கொஞ்சம் ஆயில் தடவி, கையாலதான் முறுக்கணும்.

*கேம் சீல், கிராங்க் முன் சீல்:* பெல்ட் பக்கம் ஈரம்னா இவங்கதான். டைமிங் பெல்ட் ஆயில்ல ஊறினா அதோட ஆயுசு குறையும். அதனால பெல்ட் மாத்தும்போதே சீலையும் மாத்திடுறது புத்திசாலித்தனம்.

*டிரெயின் போல்ட் வாஷர், சம்ப் பேக்கிங்:* மேல எல்லாம் காய்ஞ்சு கிடந்து, இது மட்டும் ஈரமா இருந்தா மட்டும் கை வைங்க. என்னை மாதிரி இங்க இருந்து ஆரம்பிக்காதீங்க.

*கிராங்க் பேக் சீல்:* இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்துல அடியில மட்டும் சொட்டும். இது கடைசி சந்தேகமா இருக்கணும். கியர்பாக்ஸை இறக்கச் சொல்றதுக்கு முன்னாடி, அதுக்கு மேல இருக்கிறது எல்லாம் காய்ஞ்சு இருக்குன்னு கண்ணால பார்த்திருக்கணும். கந்தக வாடை அடிச்சா அது கியர்பாக்ஸோட சீல், வேற கதை.

இன்ஜினுக்கு மூச்சு முட்டுதா?

சீலை மாத்தியும் திரும்பத் திரும்ப ஒழுகுதா? ஒரே நேரத்துல நாலு இடத்துல ஒழுகுதா? அப்போ சீலை விடுங்க, பிரஷரைப் பாருங்க.

சிலிண்டருக்குள்ள எரியிற வாயுல கொஞ்சம், பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழ கிராங்க்கேஸுக்கு இறங்கும். இதை ப்ளோ-பைன்னு சொல்வாங்க. புது இன்ஜின்லயும் இது உண்டு, தேய்ஞ்ச இன்ஜின்ல அதிகம். முந்தியெல்லாம் ஒரு குழாய் வழியா இதை ரோட்டுலயே விட்டுடுவாங்க. 1960களோட தொடக்கத்துல கலிஃபோர்னியாவுல காத்து மாசுபடுறதைக் குறைக்க, இந்த வாயுவை இன்ஜினே திரும்ப உறிஞ்சி எரிக்கிற பி.சி.வி. முறை கட்டாயமாச்சு. டேப்பெட் கவர்ல இருந்து ஏர் கிளீனருக்கோ மேனிஃபோல்டுக்கோ போற ரப்பர் ஹோஸ் இருக்கே, அது அதுக்குத்தான்.

அந்த ஹோஸ் அடைச்சுக்கிச்சுன்னா வாயுவுக்குப் போக வழியில்லை. குக்கர் விசில் அடைச்ச மாதிரி, எந்த சீல் பலவீனமோ அது வழியா ஆயிலைத் தள்ளிக்கிட்டு வெளிய வரும்.

சோதனை சுலபம். ஐடில்ல ஆயில் மூடியைத் திறந்து, வாய் மேல ஒரு காகிதத்தை வைங்க. லேசா உள்ள ஒட்டிக்கிட்டாலோ சும்மா படபடத்தாலோ நல்லது. பலமா ஊதித் தள்ளினா ஹோஸையும் பி.சி.வி. வால்வையும் கழட்டிச் சுத்தம் பண்ணுங்க. அதுக்கு அப்புறமும் ஊதினா ரிங் தேய்ஞ்சிருக்கலாம். கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்துப் பார்த்துட்டு, அப்புறம் பெரிய செலவைப் பத்திப் பேசுங்க.

எங்க வண்டியில என்ன இருந்தது?

ஒரு ஞாயித்துக்கிழமை நானும் அப்பாவும் சேர்ந்து கழுவினோம். அப்பாயியோட பவுடர் டப்பா பாதி காலி. பத்து நிமிஷம் ஐடில், ஒண்ணுமில்ல. தெருவைச் சுத்தி ஒரு ரவுண்டு, சம்ப் வெள்ளையாவே இருந்தது. கியர்பாக்ஸ் இணைப்பும் வெள்ளை. அஞ்சு கிலோமீட்டர் போயிட்டு வந்து போனை உள்ள விட்டா, டிஸ்ட்ரிபியூட்டருக்கு அடியில இருந்து பென்சில் கோடு மாதிரி ஒரு கறுப்புக் கோடு. ஹெட்டோட ஓரத்துல இறங்கி, நேரா கியர்பாக்ஸ் இணைப்புக்குப் போகுது. அங்க இருந்து பார்த்தா யாரா இருந்தாலும் பேக் சீல்னுதான் சொல்லுவாங்க.

வீடியோவை அந்த மெக்கானிக் அண்ணன்கிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். கோபப்படுவாரோன்னு பயம். ரெண்டு தடவை பார்த்துட்டு, "அட, இதுதானா"ன்னு சிரிச்சார். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழட்டுறதுக்கு முன்னாடி அது நிக்கிற இடத்துல ஒரு கோடு கிழிச்சார். அந்தக் கோடு இல்லாம கழட்டினா டைமிங் மாறிடும்னு சொல்லிக் கொடுத்தார். வெளிய வந்த ஓ-ரிங் ரப்பர் மாதிரியே இல்ல, பிளாஸ்டிக் வளையல் மாதிரி விறைச்சு, வளைச்சதும் ரெண்டா உடைஞ்சது. பிரீதர் ஹோஸுக்குள்ள கறுப்பு அல்வா. அதையும் சுத்தம் பண்ணினோம்.

சரி பண்ணும்போது மூணு விஷயம்

பேக்கிங் கசியுதுன்னு போல்ட்டை இன்னும் இறுக்காதீங்க. கார்க் பிதுங்கி உடையும், தகரக் கவர் வளைஞ்சுபோகும். சர்வீஸ் மேனுவல்ல சொன்ன டார்க் மட்டும்தான். ரெண்டாவது, சிலிக்கான் பேஸ்ட்டை அப்பாதீங்க. உள்ள பிதுங்கினது பிஞ்சு விழுந்து ஆயில் ஸ்ட்ரெய்னரை அடைச்சா லீக்கைவிடப் பெரிய ஆபத்து. மூணாவது, கசிவு கம்மியாகட்டும்னு கெட்டியான ஆயிலை ஊத்தாதீங்க. கம்பெனி சொன்ன கிரேடை விட்டு விலகினா ஸ்டார்ட் ஆகும்போது ஆயில் மேல ஏற லேட் ஆகும். லீக்கும் சரியாகாது, தள்ளித்தான் போகும்.

இப்போ எங்க வண்டிக்கு ஆர்.சி. அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிச்சாச்சு. அட்டை இன்னும் அடியில கிடக்கு. வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு சொட்டு விழுது, டேப்பெட் கவர் மூலையில இருந்து. எங்க இருந்துன்னு தெரியும், எவ்வளவுன்னு தெரியும். அடுத்த சர்வீஸ்ல மாத்திக்கலாம்னு நிம்மதியா இருக்கோம்.

லீவுக்கு ஊருக்குப் போறப்போ உங்க வீட்டு வண்டிக்கு அடியிலயும் ஒரு அட்டையைப் போட்டுப் பாருங்க. யாராவது ஏதாவது மாத்தணும்னு சொன்னா, சண்டை போட வேண்டாம். "எங்க இருந்து வருதுன்னு காட்டுறீங்களாண்ணே"ன்னு மட்டும் கேளுங்க. அந்த ஒரு கேள்வி எங்களுக்கு எட்டாயிரம் ரூபாயையும் ஒரு காரையும் மிச்சம் பண்ணிக் கொடுத்தது.